கலி இன்னும் முற்றவில்லை

ஒரே நாளில் நான்கு பேர் என்னிடம் ஒரே பதிலைச் சொன்னார்கள். செங்கல்பட்டிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். அடிவாரத்தில் செருப்பு பார்த்துக்கொள்ளும் அம்மா. படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மேலே மோர் விற்றுக்கொண்டிருந்த பையன். “கலி முத்திப்போச்சு சார், அதான் கழுகு வர்றதில்ல.” மோர்க்காரப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் பிறக்கும் முன்பே நின்றுபோன ஒன்றுக்கு அவனிடம் காரணம் ரெடியாக இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த ஒற்றை வாக்கியத்துக்கு எதிரானது. சொன்ன நான்கு பேர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. மோர் நன்றாகவே இருந்தது.

நான் இருப்பது கூடுவாஞ்சேரியில். மாசிக் கடைசி ஞாயிறு, காலை முதல் எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் திருக்கழுக்குன்றம். ‘பறவை பார்க்கப் போறேன்’ என்றதும் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி “வேடந்தாங்கலா சார்?” என்றார். நம் பக்கத்தில் பறவை என்றால் வேடந்தாங்கல், மிருகம் என்றால் வண்டலூர். இரண்டுக்கும் டிக்கெட் உண்டு, பார்க்கிங் உண்டு. கழுகின் பெயரையே தாங்கி நிற்கும் மலை ஒன்று முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பது பட்டியலில் வராது. ஏன் வராது என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மாசி என்பது நம் ஊரின் வசந்தம். காலண்டர்படி அது பின்பனிக்காலம், இளவேனிலுக்குச் சித்திரை வரவேண்டும். மரங்கள் காலண்டர் பார்ப்பதில்லை. புங்கம் ஒரு வாரத்தில் மொட்டையாகி அடுத்த வாரமே பளபளவென்று துளிர்விடுகிறது. கல்யாண முருங்கையில் இலையே இல்லை, முழுக்கச் சிவப்புப் பூ. பரனூர் தாண்டி ரயில் கொளவாய் ஏரியை ஒட்டிப் போகும்போது தண்ணீரில் கூழைக்கடாக்கள். ஜன்னலோரம் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் நான், பைனாகுலரோடு. என்னைத்தான் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மலை என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஐந்நூறுக்கு மேல் படிகள், உச்சியில் வேதகிரீஸ்வரர். மூவரும் பாடிய தலம். வெறுங்காலோடு ஏறவேண்டும். ஒன்பது மணிக்கு ஏறினால் சுகம், பன்னிரண்டு மணிக்கு இறங்கினால் தண்டனை. படியோரப் புதரில் குக்குறுவான் ‘டுக் டுக் டுக்’ என்று பாத்திரக் கடை நடத்திக்கொண்டிருந்தது. குயில் இந்த வருஷக் கச்சேரியை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, சுருதி இன்னும் சேரவில்லை. பாறை இடுக்கில் ஒரு நீலப்பூங்குருவி தனியாக உட்கார்ந்திருந்தது. குளிர்காலத்துக்கு வந்த விருந்தாளி, இன்னும் சில வாரத்தில் வடக்கே கிளம்பிவிடும். பாறை ஓணான் ஒன்று என்னைப் பார்த்துத் தண்டால் எடுத்தது. பனை உழவாரன்கள் தலைக்கு மேல் கத்தரிபோல் வெட்டிக்கொண்டே இருந்தன. குரங்குகளைப் பற்றி எழுதவில்லை. என் வாழைப்பழத்தைப் பற்றி நான் இன்னும் துக்கத்தில் இருக்கிறேன்.

பதினொன்றே காலுக்கு மேலே போய்ப் பாறைச் சரிவைப் பார்த்த நிழலில் உட்கார்ந்தேன். அந்த நேரத்துக்கு ஒரு காரணம் உண்டு. இந்த மலையில், நூற்றாண்டுக் கணக்கில், தினமும் உச்சிவேளையை ஒட்டி இரண்டு பறவைகள் வந்து இறங்கும். பூசாரி கையால் சோறும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த பிரசாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பறந்துபோகும். ஊருக்கே பட்சி தீர்த்தம் என்று ஒரு பெயர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் கடை விரித்திருந்த டச்சுக்காரர்கள் இந்த மலைக்கு வந்து, ஒருகல் மண்டபத்துத் தூண்களில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். (கோயில் தூணில் பெயர் கிறுக்குவது நம் கல்லூரிப் பையன்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன்.) பிறகு வந்த வெள்ளைக்காரப் பயணிகள் பலர் கழுகுகளைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு என் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா கையை நீட்டி, “அதோ! அதோ வந்துடுச்சு பாருங்க!” என்று கத்தினார். குழந்தையைத் தூக்கிக் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பைனாகுலரை உயர்த்தினேன். கரும்பருந்து. கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் கோழிக்கடைக்கு மேலே தினமும் வட்டமடிக்கும் அதே பருந்து.

“கழுகுதானே தம்பி?”

நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அப்பா அவற்றைப் பார்த்திருக்கிறார். 1987இல், கல்யாணமான புதிதில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். “கழுகுன்னதும் பெருசா என்னமோ வரப்போகுதுன்னு நெனச்சோம். அழுக்கு வெள்ளையா, மூஞ்சி மட்டும் மஞ்சளா, கோழி மாதிரி தத்தித் தத்தி நடந்து வந்துச்சு. உங்கம்மா சிரிச்சுட்டா.” அம்மா சிரித்தது சரிதான். ஆங்கிலேயர்கள் இந்தப் பறவைக்கு வைத்த பட்டப்பெயரே ‘ஃபாரோவின் கோழி’. தமிழில் மஞ்சள்முகப் பாறு. பாப்பாத்திக் கழுகு என்பார்கள், மஞ்சள் திருடி என்றும் ஒரு பெயர். எகிப்தியப் பாறு என்று உலகம் அழைக்கிறது, ஆனால் இந்தியாவில் இருக்கும் அதன் கிளையினத்தின் அறிவியல் பெயர் ‘ஜிஞ்சினியானஸ்’. ஜிஞ்சி என்பது நம் செஞ்சி. 1782இல் பிரெஞ்சுக்காரர் பியர் சொனரா தன் பயண நூலில் செஞ்சிப் பாறு என்று விவரித்ததை வைத்து, 1790இல் ஜான் லேதம் அந்தப் பெயரைப் பதிந்தார். இந்தப் பறவை லத்தீனில் ஒரு தமிழ் ஊரைச் சுமந்துகொண்டிருக்கிறது. நம் தமிழ்ப்பெருமிதக் கோஷ்டிக்கு இது எப்படித் தப்பியது என்று எனக்குப் புரியவில்லை.

அந்த மஞ்சள் முகத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 2002இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது: மாடு, ஆடுகளின் சாணத்தைத் தின்று, அதிலிருக்கும் நிறமியைச் சேர்த்துத்தான் அது முகத்தை மஞ்சளாக்கிக்கொள்கிறது. முகம் எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு ஆரோக்கியம் என்று ஜோடிக்குக் காட்டும் விளம்பரமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். காலையில் சாணம், மதியம் சர்க்கரைப் பிரசாதம். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பறவை மேல் மரியாதை கூடியது. சிலருக்குக் குறையும். கோளாறு பறவையிடம் இல்லை.

புராணத்துக்கு வருவோம். சாபம் பெற்ற எட்டு முனிவர்கள், யுகத்துக்கு இரண்டு பேராகக் கழுகாகப் பிறந்து இங்கே வழிபடுகிறார்கள். திரேதா யுகத்து ஜோடி சம்பாதியும் ஜடாயுவும். கலியுகத்து ஜோடிதான் நம் அப்பா பார்த்தது. தினமும் காசியில் குளியல், இங்கே சாப்பாடு, ராமேஸ்வரத்தில் தரிசனம் என்று ஒரு டூர் ப்ரோக்ராம் உண்டு. ஊர்கள் சொல்பவரைப் பொறுத்து மாறும், சாப்பாடு மட்டும் எப்போதும் கழுக்குன்றத்தில்தான். என்றைக்காவது கழுகு வரவில்லையென்றால், கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறான் என்று பொருள்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஆனால் கதையை எடுத்தால் முழுசாக எடுக்கவேண்டும். கலியுகத்தின் நீளம் 4,32,000 ஆண்டுகள். தொடங்கியது கிமு 3102. பறவைகள் கடைசியாக வந்ததாகச் சொல்லப்படும் 1998இல் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 5,100 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. யுகம் முழுக்க டியூட்டி பார்க்கவேண்டிய ஜோடி, ஷிப்ட் ஆரம்பித்தவுடனே காணாமல்போயிருக்கிறது. புராணத்தை நம்புகிறவருக்குத்தான் இது முதலில் பதற்றம் தந்திருக்கவேண்டும். ‘கலி முத்திப்போச்சு’ என்கிற பதில் அந்தப் புராணத்துக்கே விரோதம். தலபுராணம் எழுதியவர் இன்று இருந்தால், பறவைகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டு ஒரு ஆளையாவது அனுப்பியிருப்பார்.

நான் வேலை பார்க்கிற துறையில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சர்வர் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிக்னல் அனுப்பும். ஹார்ட்பீட். சிக்னல் வரவில்லையென்றால் நடுராத்திரியில் யாராவது ஒருவர் போன் அலறும். சில வருஷம் முன்பு ஓர் இரவு என் போன் அலறவில்லை. காலையில் வந்து பார்த்தால் ஒரு சிஸ்டம் மூன்று நாளாகச் செத்துக்கிடக்கிறது. தோண்டியதில் தெரிந்தது, எப்போதோ யாரோ அந்த அலர்ட்டை அடக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்திருந்தார்கள்: ‘எதிர்பார்த்ததுதான், கண்டுகொள்ள வேண்டாம்.’

கழுக்குன்றத்து உச்சிவேளை ஒரு ஹார்ட்பீட். யோசித்துப் பாருங்கள். ஒரே இடம், ஒரே நேரம், தினமும், நூற்றுக்கணக்கான சாட்சிகள், முந்நூறு வருஷத்துக்கு மேல். ஒரு காட்டுப் பறவை இருக்கிறதா இல்லையா என்று இவ்வளவு ஒழுங்காகச் சோதித்த வேறு இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்? ஒரு பைசா ஆராய்ச்சி நிதி இல்லாமல், பக்தியின் செலவில் நடந்த கண்காணிப்பு. இதற்காக நம்பிக்கையைக் கும்பிடுகிறேன், கிண்டலில்லை. அந்தச் சோறு இல்லாவிட்டால் இந்தப் பறவைகளைப் பற்றி நமக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அதே நம்பிக்கைதான் அலர்ட்டையும் அடக்கியது. சிக்னல் நின்ற நாளில் ‘எதிர்பார்த்ததுதான்’ என்று எழுதிவைத்தாயிற்று. கலியுகம் என்பது அந்த ஒரு வரி. வரவில்லையா, கூட்டத்தில் பாவி இருக்கிறான். நாளைக்கும் வரவில்லையா, நாளைய கூட்டத்திலும் பாவி. எந்த நாளும் ‘பறவைக்கு என்ன ஆச்சு’ என்ற கேள்வி எழவே வழியில்லாத ஏற்பாடு.

இதனால் போனது என்ன தெரியுமா? பாறு என்ன, யாரும் ஐந்து நூற்றாண்டு வாழாது. வளர்ப்பில் வைத்துப் பார்த்தாலும் அதிகபட்சம் நாற்பது வயதை நெருங்கும், அவ்வளவே. அப்படியானால் டச்சுக்காரன் காலத்திலிருந்து என் அம்மா சிரித்த நாள்வரை வந்தது ஒரே ஜோடி இல்லை. ஒரு ஜோடி போனதும் அடுத்த ஜோடி, அதற்கடுத்தது. பத்துப் பதினைந்து தலைமுறையாவது இருக்கும். ஒவ்வொன்றும் இந்தப் பாறையை, இந்த மனிதரை, இந்த நேரத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள குன்றுகளில் எங்கோ கூடு கட்டி, மாசி பங்குனியில் ஒன்றிரண்டு முட்டையிட்டு, குஞ்சு பொரித்து வளர்த்திருந்தால்தான் இது நடக்கும். அழியாத இரண்டு முனிவர்கள் வருவது பெரிய அதிசயமா, செத்துப்போகிற பறவைகள் முந்நூறு வருஷம் விடாமல் வந்தது பெரிய அதிசயமா? எனக்கு இரண்டாவதுதான். ஆனால் கூடு எந்தக் குன்றில், குஞ்சு எத்தனை என்று கேட்கத் தோன்றவில்லை. முனிவருக்கு ஏது முட்டை?

இப்போது செத்த காரணம். அந்தக் குறிப்பிட்ட இரண்டு பறவைகள் எதனால் மறைந்தன என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். உடல் கிடைத்தால்தான் அதைச் சொல்லமுடியும். ஆனால் அதே தொண்ணூறுகளில் இந்தியா முழுக்க என்ன நடந்தது என்பது தெரியும். ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் கூட்டங்கூட்டமாகக் குறைவதை விபு பிரகாஷ் கவனித்து எழுதினார். வைரஸா, பட்டினியா, பூச்சிமருந்தா என்று தேடினார்கள். 2004இல் லிண்ட்சே ஓக்ஸும் குழுவினரும் பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்து விடையைக் கண்டார்கள். டைக்ளோஃபெனக். நமக்கு முதுகு வலித்தால் போட்டுக்கொள்வோமே, அதே வலி மருந்து. மாட்டுக்குப் போடுகிறார்கள், மாடு சாகிறது, பாறு தின்கிறது, சில நாட்களில் அதன் சிறுநீரகம் செயலிழக்கிறது, ஈரல் இதயம் எல்லாம் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து சாகிறது. நூறு மாட்டுச் சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே ஓர் இனம் சரிய அது போதும் என்று கணக்குப்போட்டுக் காட்டினார்கள். பதினைந்து ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு விழுந்தது. மஞ்சள்முகப் பாறுவும் சரிந்தது, 2007இல் அதைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அருகிவரும் இனமாக அறிவித்தது.

கால்நடைக்கான டைக்ளோஃபெனக்கை இந்தியா 2006இல் தடைசெய்தது. இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாகவேண்டும்.

2009. நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், லீவுக்கு மதுராந்தகம் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சினைப்பசு ஒன்று எழ முடியாமல் படுத்துவிட்டது. ஊசி போட வந்தவர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்தார். பைக்கை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்கு நான்தான் போனேன். கடைக்காரர் 30 மில்லி குப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மனிதர்களுக்கான மருந்து, மாட்டுக்கு விற்கத் தடை, மனிதருக்கு விற்கத் தடையில்லை. முப்பது மில்லியை எந்த மனிதருக்குப் போடுவார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. லேபிளில் பெயரைப் படித்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது ஒரு பறவையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது. பசு மூன்றாம் நாள் செத்தது. ஏரிக்கரையில் போட்டார்கள். பெரியப்பா மேலே பார்த்துவிட்டு, “முன்னல்லாம் அரை நாள்ல எலும்பாக்கிடும்டா” என்றார். வந்தது நாய்கள்தான். ஒரு வாரம் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

ஆகவே கூட்டத்தில் பாவி இருக்கிறான் என்ற தலபுராண வாக்கியம் ஒரு வகையில் சரி. பாவி யார் என்று விலாசத்தோடு சொல்ல முடியும் என்பதுதான் வித்தியாசம். கலி என்று பொதுவாகச் சொல்லும்போது நான் தப்பித்துவிடுகிறேன். அந்த மெடிக்கல் ஷாப், அந்தக் குப்பியைத் தயாரித்த கம்பெனி, தடை போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவைத்த சட்டம், எல்லோரும் தப்பித்துவிடுகிறோம். அந்தக் கதவை அடைக்க, மனித ஊசி மருந்தின் குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது என்று சொல்ல, 2015 ஆயிற்று. மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனக்காகவே மாறுகிற அசெக்ளோஃபெனக்கையும் கீட்டோப்ரோஃபெனையும் தடுக்க 2023 ஆயிற்று. நிமெசுலைடுக்கு 2024 முடிந்தது. பாறுவைக் கொல்லாத மாற்று மருந்து மெலாக்சிகாம் இருக்கிறது என்பது 2006லேயே தெரியும். பதினெட்டு வருஷம். யுகம் யுகமாகத் தூங்குவது என்றால் இதுதான்.

பறவை போனால் என்ன, மருந்தால் மாடு பிழைத்ததே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2024இல் ஈயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், பாறுகள் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாறு வீழ்ச்சியால் 2000க்கும் 2005க்கும் நடுவே கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் என்று வந்தது. அழுகும் சடலம், கெட்ட தண்ணீர், பெருகிய நாய், வெறிநோய். பெரியப்பாவின் ஏரிக்கரையை எனக்குத் தெரியும், அதனால் அந்த எண் எனக்கு வெறும் எண் இல்லை.

இதே இழப்பை வேறொரு சமூகம் எப்படி எதிர்கொண்டது என்று பாருங்கள். மும்பைப் பார்சிகள் இறந்தவர்களை மௌனக் கோபுரங்களில் பாறுகளுக்குக் கொடுப்பவர்கள். பாறுகள் மறைந்ததும் அவர்களால் ‘காலம் கெட்டுப்போச்சு’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. உடல்கள் அங்கேயே கிடந்தன. சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகள் வைத்தார்கள், பாறு வளர்க்கலாமா என்று பேசினார்கள், எரிக்கலாமா கூடாதா என்று சமூகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். இன்றும் போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டை மேல் பொறாமை. அவர்களுக்குப் பாறு ஒரு வேலை செய்தது, அதனால் அது இல்லாதது தெரிந்தது. நமக்குப் பாறு தரிசனம் மட்டும் தந்தது. தரிசனத்துக்கு ஒரு பருந்து போதும், அந்த அக்காவுக்குப் போதுமானதுபோல.

நம் ஆட்களையும் விடப்போவதில்லை. ஆபீஸில் பகுத்தறிவு பேசும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னதும், “பழக்கின ரெண்டு பறவை ப்ரோ, அவ்ளோதான்” என்றார். அவ்வளவுதான் என்பதும் ஓர் அலர்ட்டை அடக்கும் வரிதான். மூடநம்பிக்கை ஒன்று ஒழிந்தது என்று டிக் அடித்துவிட்டுப் போவதில் என்ன அறிவியல் இருக்கிறது? அறிவியல் என்றால் பறவை எங்கே என்று கேட்கவேண்டும். அடுத்து என் சொந்த ஜாதி, பறவை பார்க்கிறவர்கள். பாறு பார்க்கவேண்டும் என்றால் நாங்கள் முதுமலைக்கும் மாயாறு பள்ளத்தாக்குக்கும் போவோம். அங்கே இன்னும் சில நூறு பாறுகள் இருக்கின்றன, அவற்றுக்காக உழைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் நாங்கள் இருக்கிற இடத்துக்கே போகிறோம். இல்லாமல்போன இடத்துக்கு யாரும் போவதில்லை. லிஸ்ட்டில் ஏறாத பறவைக்கு யார் லீவு போடுவார்கள்? கடைசியாக, கொஞ்சம் கூச்சத்தோடு, நம்மைப்போல எழுதுகிறவர்கள். ‘கழுகுகள் வராத மலை’ என்று தலைப்பு வைத்து, அந்தி வெளிச்சத்தில் ஒரு வெற்றுப்பாறை, தொலைந்துபோன பால்யம் என்று உருகி உருகி எழுதிவிடுவோம். அதுவும் கலியுகம்தான், கொஞ்சம் நல்ல தமிழில்.

எனக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. அந்த மலையில் ஒரு போர்டு. வந்த பறவை இது, இன்னின்ன வருஷம்வரை வந்தது, இந்த மருந்து இந்த இனத்தைக் கொன்றது, உங்கள் மாட்டுக்கு ஊசி போடுபவரிடம் எந்த மருந்து என்று கேளுங்கள் என்று நான்கு வரி. புராணம் பக்கத்திலேயே இருக்கட்டும், அதை யாரும் எடுக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இந்த மலை ஏறும் கூட்டத்தில் மாடு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர் கிராமங்கள் பூராவும் இங்கே வருகின்றன. எந்த வனத்துறை முகாமுக்கும் வராதவர்கள் சாமிக்கு வருகிறார்கள். முந்நூறு வருஷம் பறவையைக் காட்டிக் கூட்டம் சேர்த்த மலை, அந்தப் பறவைக்காக ஒரு வாக்கியமாவது பேசலாம்.

பன்னிரண்டு ஆயிற்று. பாறை கொதித்தது. கூட்டம் சாமி கும்பிட்டுவிட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. அந்த அக்கா இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் மடியிலிருந்த குழந்தை பருந்தைப் பார்க்கவில்லை, என் பைனாகுலரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்லக்கா. அது பருந்து. இங்க வந்தது வேற பறவை, இப்ப வர்றதில்ல.”

அவர் முகம் வாடியது. “ஏன் வர்றதில்ல?” என்றார்.

ஆச்சரியமாக, அன்று முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். சொன்னேன். மருந்து பெயரையும் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. “எங்க வீட்ல ரெண்டு மாடு இருக்குது” என்றார். “அந்தப் பேர எழுதிக் குடு தம்பி.” பஸ் டிக்கெட்டின் பின்னால் இரண்டு பெயர் எழுதினேன். போடக்கூடாதது ஒன்று, போடலாம் என்பது ஒன்று. எது எது என்று குழம்பாமலிருக்க ஒன்றின் மேல் பெருக்கல் குறி போட்டேன். முந்தானையில் முடிந்துகொண்டு, அந்தப் பருந்தை இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

நான் ஒன்றரை மணிவரை இருந்தேன். ஒரு வல்லூறு, இரண்டு செம்பருந்து, எண்ண முடியாத உழவாரன். உள்ளங்கால் வெந்து, ஓடுவதும் நிற்பதுமாகப் படியிறங்கி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபோது அப்பா போன் செய்தார்.

“வந்துச்சாடா?”

“இல்லப்பா.”

“எத்தன மணி வரைக்கும் இருந்த?”

“ஒன்றரை.”

“ம்ம்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “நாங்க போனப்ப பதினொன்றரைக்கே வந்துடுச்சு” என்றார்.